காய்ச்சல் விட்ட அண்டைக்கு பிள்ளை ஏன் மோசமானது? வெள்ளவத்தை அம்மா ஒருத்தருக்கு பதில்

வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்கிறா. பேர் வேண்டாமெண்டு கேட்டிருக்கிறா, அதால பேரையும் ஆளை அடையாளம் தெரியக்கூடிய விசயங்களையும் விட்டுட்டு சுருக்கமா சொல்லுறன். மகனுக்கு 4 வயசு, 15 கிலோ. மகளுக்கு 10 மாசம். கணவர் கட்டார்ல வேலை, இவ வேலைக்கு போற நேரம் மாமிதான் பிள்ளைகளை பாக்கிறா. போன மாசம் ஒரு ஞாயிறு ராத்திரி மகனுக்கு காய்ச்சல் தொடங்கினது. திங்கள் விடியவே பக்கத்து லாப்ல ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கிறா, பிளேட்லட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) 2 லட்சத்துக்கு மேல, எல்லாம் நோர்மல். அதோட மனசு ஆறி பனடோல் சிரப் 5 மில்லி மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுத்துக்கொண்டு வந்திருக்கிறா. புதன் ராத்திரி காய்ச்சல் 39.8க்கு போக, முந்தி வாங்கி பிரிட்ஜ்ல மிச்சமா கிடந்த பின்னால வைக்கிற மருந்தை மாமி வச்சிருக்கிறா. வியாழன் விடிய உடம்பு குளிர்ந்திட்டுது. எல்லாருக்கும் சந்தோசம், இவ வேலைக்கு போயிட்டா. மத்தியானம் பிள்ளை ஒரு மூலையில படுத்திருந்து வயிறு நோகுது எண்டிருக்கு, ரெண்டு தரம் சத்தி, கால் குளிருது எண்டு மாமி சொக்ஸ் போட்டு விட்டிருக்கிறா. பின்னேரம் இவ வந்து பாக்கேக்க விடியக்காலைக்கு பிறகு பிள்ளை சலமே போகேல்ல. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட, டெங்கு, நேரா எச்டியூவுக்கு (கடுமையான ஆக்களை கிட்ட இருந்து கவனிக்கிற பிரிவு) ஏத்திட்டாங்க. "இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்க" எண்டு அங்க ஒருத்தர் கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள்ள நிக்குதாம்.

பிள்ளை இப்ப சுகம், ஓடி விளையாடுறார். ஆனா அம்மாவுக்கு நித்திரை இல்லை. கேள்வியும் நிறைய வச்சிருக்கிறா. காய்ச்சல் விட்ட பிறகு எப்படி வருத்தம் கூடினது, நான் குடுத்த மருந்தாலயா, மொண்டிசோரி தொடங்கின நாள்ல இருந்து மாசா மாசம் தடிமன் வருதே பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி இல்லையா, முட்டுக்கு குடுத்த இன்ஹேலர் பழகிப்போகும் எண்டு சொந்தக்காரர் சொல்லுறது சரியா, அடுத்த முறை பிரைவேட்டுக்கு போறதா கவர்மெண்டுக்கு போறதா, மொண்டிசோரியை நிப்பாட்டவா. கடைசியில ஒரு வரி, "நான் கவனமில்லாத அம்மாவா டொக்டர்?"

தங்கச்சி, அந்த கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லுறன். உங்கட பிள்ளைக்கு டெங்கு வந்தது நுளம்பு கடிச்சதால. நீங்க வேலைக்கு போனதாலயோ மாமியிட்ட விட்டதாலயோ இல்லை. காய்ச்சல் தொடங்கி அடுத்த நாளே ரத்தம் டெஸ்ட் பண்ணின ஆளை கவனமில்லாத ஆள் எண்டு நான் சொல்லமாட்டன். வீட்டுக்குள்ள கால் வைச்ச உடனேயே பிள்ளை எப்ப கடைசியா சலம் போனது எண்டு கேட்டிருக்கிறீங்க பாருங்கோ, அந்தக் கேள்விதான் அவரை காப்பாத்தினது. ஆனா வியாழன் மத்தியானத்தில இருந்து பின்னேரம் வரைக்கும் போன நேரம் ஆபத்தான நேரம், அதை மறைச்சு உங்களுக்கு ஆறுதல் சொன்னா இன்னொரு பிள்ளைக்கு இதே நடக்கும். உங்களுக்கு தெரியாமப் போனது ஒரேயொரு விசயம், அது கொழும்பில பிள்ளை வளக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கோணும் எண்டதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

காய்ச்சல் இறங்கிறது வேற, வருத்தம் இறங்கிறது வேற

சாதாரண வைரஸ் காய்ச்சல் எண்டா உடம்பு குளிர்ந்த உடனே பிள்ளை எழும்பி பிஸ்கட் கேக்கும், டிவி போடச் சொல்லும். டெங்கு அப்படி இல்லை. முதல் கட்டம் காய்ச்சல், ரெண்டு நாள்ல இருந்து ஏழு நாள் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு பிறகு, அநேகமா காய்ச்சல் இறங்கிற நேரம் பாத்து, கூடுதலா 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில, சில பிள்ளைகளுக்கு ரத்தக் குழாயில இருந்து நீர் வெளியில கசியத் தொடங்கும், மண்பானையில தண்ணி கசியிற மாதிரி. வெளியில ஒரு சொட்டு ரத்தமும் தெரியாது, ஆனா குழாய்க்குள்ள ஓடுறதுக்கு நீர் காணாம வரும். உடம்பு என்ன செய்யும் எண்டா மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தத்தை மிச்சம் பிடிக்க கை காலுக்கு போறதை குறைக்கும், அதுதான் கால் குளிர்ந்தது. சிறுநீரகத்துக்கு போறது குறையும், அதுதான் சலம் போகேல்ல. கசிஞ்ச நீர் வயித்துக்குள்ள சேரும், ஈரலும் வீங்கும், அதுதான் வயித்து நோ. மாமி சொக்ஸ் போட்டது அன்பில செய்தது, ஆனா அந்தக் குளிர் பனிக்குளிர் இல்லை.

இந்த கசிவு 24 மணித்தியாலத்தில இருந்து 48 மணித்தியாலம் வரைக்கும்தான் இருக்கும், அதை தாண்டினா பிள்ளை மளமளவெண்டு தேறி வருவார். அந்த நேரத்தில நீர் காணாட்டியும் ஆபத்து, கூட ஏத்தினாலும் நெஞ்சுக்குள்ள சேர்ந்து மூச்சு முட்டும். அதாலதான் எச்டியூவில மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் சலத்தை அளந்து, விரல்ல குத்தி பிசிவி (ரத்தம் எவ்வளவு தடிச்சிருக்கு எண்டது) பாத்து, சேலைனை சொட்டு கணக்கில குடுத்தாங்க. நீங்க "ஏன் டொக்டர் பிள்ளையை குத்திக் குத்தி வதைச்சாங்க" எண்டு கேட்டிருந்தீங்க, அதுக்கு காரணம் இதுதான்.

பிளேட்லட் கதையையும் சொல்லோணும். எங்கட ஆக்கள் பிளேட்லட் எத்தினை எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், கட்டார்ல இருந்து உங்கட கணவரும் அதைத்தான் திருப்பித் திருப்பி கேட்டிருக்கிறார். பிளேட்லட் இறங்கிறது ஒரு அறிகுறி, வருத்தம் எந்தப் பக்கம் போகுது எண்டு எங்களுக்கு காட்டும், ஆனா பிள்ளைகளை கவிழ்க்கிறது கூடுதலா இந்த கசிவுதான். அடுத்தது, முதல் நாள் எடுத்த ரிப்போர்ட் நோர்மல் எண்டா அது முதல் நாள் நோர்மல், அவ்வளவுதான். டெங்குவில முதல் ரெண்டு நாளும் எஃப்பிசி (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) அநேகமா நல்லாத்தான் இருக்கும். காய்ச்சல் 3ஆம் நாளுக்கு வந்தா எஃப்பிசி எடுக்கோணும், அதுக்கு பிறகு டொக்டர் சொல்லுற மாதிரி நாளுக்கு ஒருக்கா, காய்ச்சல் விட்டாலும் நிப்பாட்டாம. டெங்கு வைரஸை தேடுற என்எஸ்1 டெஸ்ட் முதல் நாள்லயே காட்டலாம், ஆனா அது நெகட்டிவ் எண்டு வந்தா டெங்கு இல்லை எண்டு அர்த்தம் இல்லை. உங்கட மகனுக்கு செவ்வாய்க்கிழமை, பிந்தினா புதன் விடிய, ரெண்டாவது ரிப்போர்ட் எடுத்திருந்தா வியாழன் காய்ச்சல் விடேக்க அவர் வார்டில கட்டில்ல இருந்திருப்பார். இதை குற்றமா எடுக்காதேங்கோ. அந்த லாப் கவுண்டர்ல ரிப்போர்ட்டை நீட்டின நேரம் "திரும்ப எடுங்கோ" எண்டு ஒருத்தர் சொல்லியிருக்கோணும், ஒருத்தரும் சொல்லேல்ல.

2017ல இந்த நாட்டில 186,000க்கு மேல டெங்கு கேஸ், 400க்கு மேல சாவு. தென்மேல் பருவ மழை, வடகீழ் பருவ மழை எண்டு வருசத்தில ரெண்டு தரம் கூடும், கொழும்பு ஒவ்வொரு முறையும் அடிபடுற இடம். அதால கொழும்பில பிள்ளைக்கு காய்ச்சல் எண்டா வேற காரணம் உறுதியா தெரியிற வரைக்கும் டெங்குவை மனசில வச்சிருக்கிறதுதான் சரி.

பனடோலும் பின்னால வைச்ச மருந்தும்

உங்கட ரெண்டாவது பயம். நீங்க அனுப்பின போட்டோவில இருக்கிறது டைக்ளோஃபெனக். அந்த மருந்தால டெங்கு வரேல்ல, ஆனா டெங்குவா இருக்கலாம் எண்ட காய்ச்சலுக்கு அது குடுக்கவே கூடாத மருந்து. டைக்ளோஃபெனக், இபுப்ரூஃபென், மெஃபெனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் ஒரே பக்கத்து மருந்துகள், வயித்துக்குள்ள ரத்தம் கசிய வைக்கும், பிளேட்லட் செய்யுற வேலையை கெடுக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். உங்கட மகனுக்கு அதால ஒண்டும் நடக்கேல்ல எண்டு டயக்னோசிஸ் கார்ட்டை பாத்தா தெரியுது, ரத்தப்போக்கு இல்லை. மிச்சம் பிரிட்ஜ்ல கிடந்தா இண்டைக்கே எடுத்து எறிஞ்சிடுங்கோ, மாமிக்கும் கோபிக்காம காரணத்தை சொல்லுங்கோ. அவவும் அந்த வியாழக்கிழமையை நினைச்சு உங்களை மாதிரித்தான் தவிச்சுக்கொண்டு இருப்பா.

பனடோல் கணக்கை கொஞ்சம் கிட்டப் பாப்பம். பிள்ளைகளுக்கு ஒரு தரத்துக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல இல்லை. 15 கிலோ மகனுக்கு ஒரு தரத்துக்கு 225 மில்லிகிராம். நீங்க குடுத்தது 5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்கிற சிரப், அப்ப 9 மில்லி குடுத்திருக்கோணும். நீங்க குடுத்தது 5 மில்லி, அது காணாது, காய்ச்சல் இறங்கேல்ல, அதால மூண்டு மணித்தியாலத்தில திரும்ப குடுத்தீங்க. ஒரு நாளுக்கு எட்டுத் தரம் எண்டா 960 மில்லிகிராம், அவருக்கு ஒரு நாளைக்கு போகக்கூடியது 900தான். ஒரு தரத்துக்கு குறைய, ஒரு நாளைக்கு கூட. டெங்குவில ஏற்கனவே ஈரல் அடிபட்டுக்கொண்டு இருக்கும், அந்த நேரத்தில பனடோல் கூடினா ஈரலுக்கு இன்னும் கெடுதி. போத்தலுக்கு போத்தல் அளவு வேற, 5 மில்லியில 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் கடையில இருக்கு, அதால லேபிளை வாசிக்காம மூடியை திறக்க வேண்டாம். நிறைக்கு கணக்கு பாக்கோணும் எண்டதால பிள்ளையின்ட கடைசி நிறையை பிரிட்ஜ் கதவில எழுதி ஒட்டி வையுங்கோ, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

தேர்மோமீட்டர்ல 39.8 எண்டு கண்டா நெஞ்சு பதறும்தான், எனக்கு விளங்குது. ஆனா 39, 40 காய்ச்சலால மட்டும் மூளை பழுதாகாது. காய்ச்சலோட சில பிள்ளைகளுக்கு, 6 மாசத்துக்கும் 5 வயசுக்கும் இடையில, வலிப்பு வரும். பாக்கிறதுக்கு உயிர் போற மாதிரி இருக்கும், அநேகமா ஒண்டு ரெண்டு நிமிசத்தில தானா நிக்கும். அந்த நேரம் பிள்ளையை ஒரு பக்கமா சரிச்சு படுக்க வைச்சு, நேரத்தை பாருங்கோ. கையில திறப்பை திணிக்கிறது, வாய்க்குள்ள கரண்டி வைக்கிறது, தண்ணி பருக்கிறது ஒண்டும் வேண்டாம். 5 நிமிசம் தாண்டினா 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, கெதியா நிண்டாலும் முதல் தரம் எண்டா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கோ. ஓடிக்கொலோன் நெத்தியில போடுறதும் ஐஸ் தண்ணியில துடைக்கிறதும் வேண்டாம், மெல்லிய சட்டை, காத்தோட்டம், சாதாரண தண்ணியில நனைச்ச துவாய் காணும்.

இலக்கத்தை விட்டுட்டு பிள்ளையை பாருங்கோ

இந்தக் கடிதத்தில ஒரு விசயம்தான் நீங்க மனப்பாடம் பண்ணோணும் எண்டா அது இதுதான். தேர்மோமீட்டர் காட்டுற இலக்கத்தை விட பிள்ளை குடிக்கிறாரா, சலம் போறாரா, எப்படி மூச்சு விடுறார், உங்களை பாத்து கதைக்கிறாரா எண்டதுதான் பெரிய விசயம். டெங்குவோ, நியூமோனியாவோ, வயித்தோட்டமோ, என்ன வருத்தம் வந்தாலும் இந்த நாலையும்தான் நாங்க வார்டிலயும் முதல்ல பாக்கிறம்.

சலம். பகல்ல 6 மணித்தியாலம் போகாட்டி காத்திருக்க வேண்டாம். பம்பர்ஸ் போடுற பிள்ளை எண்டா பம்பர்ஸை கையில தூக்கி பாரம் பாருங்கோ. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வெறும் தண்ணியா குடுத்துக்கொண்டு இருக்காம ஜீவனி (தண்ணியில கரைச்சு குடுக்கிற உப்பு சீனிப் பவுடர்), கஞ்சி, இளநீர், பழச்சாறு எண்டு மாத்தி மாத்தி குடுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா. சிவப்பு, கபில நிறத்தில ஒண்டும் வேண்டாம், சத்தி எடுத்தா ரத்தமா ஜூஸா எண்டு தெரியாமப் போகும். ஜீவனியை பக்கெட்டில போட்டிருக்கிற அளவு தண்ணியில முழுப் பக்கெட்டையும் ஒரே தரம் கரையுங்கோ, 24 மணித்தியாலம் தாண்டினா ஊத்திடுங்கோ. "கொஞ்சம் கட்டியா இருந்தா நல்லது" எண்டு தண்ணியை குறைக்கிற பழக்கம் நிறைய வீட்டில இருக்கு, அப்படி செய்தா வயித்தோட்டம் கூடும், உப்பும் ஏறும்.

மூச்சு. பிள்ளை நித்திரையில இருக்கேக்க, இல்லாட்டி அழாம இருக்கேக்க, லைட்டை போட்டு சட்டையை நெஞ்சுக்கு மேல தூக்கிவிட்டு போன்ல ஒரு முழு நிமிசம் டைமர் வைச்சு எண்ணுங்கோ. ஒரு வயசில இருந்து அஞ்சு வயசு வரைக்கும் நிமிசத்துக்கு 40 அல்லது அதுக்கு மேல, ரெண்டு மாசத்தில இருந்து ஒரு வயசு வரைக்கும் 50 அல்லது அதுக்கு மேல எண்டா அது வேகமான மூச்சு, அண்டைக்கே டொக்டர் பாக்கோணும். எண்ணிக்கொண்டு இருக்கேக்க விலா எலும்புக்கு கீழ பாருங்கோ, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் உள்ளுக்கு குழி விழுந்தா எண்ணி முடிக்கவும் தேவையில்லை, உடுப்பை மாத்திக்கொண்டு புறப்படுங்கோ.

கை கால். உள்ளங்காலை உங்கட கையால பிடிச்சுப் பாருங்கோ. உடம்பு சூடா இருக்கேக்கயும் சரி, காய்ச்சல் விட்ட பிறகும் சரி, கால் குளிர்ந்து ஈரமா இருந்தா அது நல்லதுக்கில்லை. பெருவிரல் நகத்தை 5 செக்கன் அமத்தி விடுங்கோ, வெளிறின இடம் ரெண்டு செக்கனுக்குள்ள பழைய நிறத்துக்கு வரோணும். உங்கட பிள்ளையில சுகமா இருக்கேக்க இதை ஒருக்கா செய்து பாத்து வையுங்கோ, அப்பதான் வருத்தத்தில வித்தியாசம் தெரியும்.

விடாம வயிறு நோகுது எண்டால், ஒரு நாளில மூண்டு தரத்துக்கு மேல சத்தி எடுத்தா, மூக்கால முரசால ரத்தம் வந்தா, மலம் கறுப்பா போனா, பிள்ளை காரணமில்லாம சிணுங்கி ஓரிடத்தில இருக்கேலாம புரண்டா, எழுப்பினாலும் எழும்பாம தூங்கி வழிஞ்சா, பகலோ ராத்திரியோ பாக்காம கொண்டு போங்கோ. காய்ச்சல் விட்ட பிறகு அடுத்த ரெண்டு நாளும் இதே மாதிரி பாக்கோணும், வீட்டில ஒருத்தர் லீவு எடுக்கிறது எண்டா அந்த ரெண்டு நாளுக்கும் எடுங்கோ, காய்ச்சல் கொதிக்கிற முதல் நாளுக்கு எடுக்கிறதை விட அது பிரயோசனம். மூண்டு மாசத்துக்கு குறைஞ்ச குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒண்டும் இல்லை, 38க்கு போனாலே ஆஸ்பத்திரிதான்.

பப்பாளி இலைச்சாறு குடுத்ததா எழுதியிருக்கிறீங்க. அது டெங்குவை மாத்தும் எண்டு நம்பி இருக்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை, அந்தக் கசப்புக்கு பிள்ளை சத்தி எடுத்தா அது சாறாலயா வருத்தத்தாலயா எண்டு எங்களுக்கும் குழப்பம். மல்லித்தண்ணி குடுக்கலாம், அதுவும் ஒரு நீராகாரம்தானே. மாமி பார்வை பாக்கிறது, நூல் கட்டுறது எல்லாம் செய்யட்டும், அதால கெடுதி இல்லை, ஆஸ்பத்திரிக்கு போற நேரம் பிந்தாட்டி சரி. ஆனா 10 மாசத்து மகளுக்கு இருமலுக்கு தேன் தடவுறதை நிப்பாட்டுங்கோ, ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது.

இனி மாசா மாசம் வாற தடிமன். மொண்டிசோரிக்கு புதுசா போற பிள்ளைக்கு வருசத்துக்கு ஆறு எட்டுத் தரம் தடிமன் காய்ச்சல் வாறது வழமை, சிலருக்கு பத்துத் தரமும் வரும், ஒவ்வொண்டும் ரெண்டு கிழமை வரைக்கும் மூக்கு ஒழுகும். கணக்குப் போட்டு பாத்தா மழைக்காலத்தில எப்பவுமே சளியோட இருக்கிற மாதிரித்தான் தெரியும். அதுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை எண்டு அர்த்தம் இல்லை, உடம்பு ஒவ்வொரு வைரஸா பழகிக்கொண்டு வருது. கிளினிக் கொப்பியை திறந்து நிறைக் கோட்டை பாருங்கோ, அது ஏறிக்கொண்டு இருந்தா, வருத்தத்துக்கு வருத்தம் இடையில பிள்ளை சாப்பிட்டு விளையாடினா, எதிர்ப்பு சக்தி கூட்டுற சிரப் எண்டு விக்கிறதுக்கு காசு குடுக்க வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் கீரையும் வாங்குங்கோ. நிறைக் கோடு படுத்தா, நியூமோனியா திரும்பத் திரும்ப வந்தா, உடம்பில கட்டி வந்து வந்து சீழ் பிடிச்சா, அப்ப கட்டாயம் டெஸ்ட் பண்ணி பாக்கோணும்.

நீங்க தடிமனுக்கு ஒவ்வொரு முறையும் பார்மசியில கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கியிருக்கிறீங்க, "அது குடுத்தா மூண்டு நாள்ல சுகம்" எண்டு எழுதியிருக்கிறீங்க. தங்கச்சி, குடுக்காட்டியும் மூண்டு நாலு நாள்ல காய்ச்சல் விட்டிருக்கும். வைரஸுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, வயித்தோட்டம்தான் மிச்சம், உண்மையா தேவைப்படுற நாள்ல அந்த மருந்து கேக்காமப் போற ஆபத்தும் இருக்கு. காது நோ, தொண்டையில சீழ், நியூமோனியா எண்டு டொக்டர் பாத்து எழுதினா சொன்ன நாளுக்கு முழுக்க குடுங்கோ. கரைச்ச போத்தல்ல மிச்சம் இருந்தா அடுத்த முறைக்கு எண்டு வைக்காதேங்கோ, பவுடர்ல தண்ணி விட்டு கரைச்ச மருந்து 7 நாள், கூடினா 14 நாள்தான், அதுவும் லேபிள்ல போட்டிருக்கிற மாதிரி.

அலுமாரிக்குள்ள இருக்கிற இன்ஹேலர்

இதை வாசிக்கேக்க எனக்கு உண்மையிலயே கவலையா இருந்தது. தடிமன் வந்தா ராத்திரியில மகனுக்கு முட்டு இழுக்குது, டொக்டர் இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரை பொருத்தி மூச்சு எடுக்கிற குழாய்) எழுதிக் குடுத்திருக்கிறார், நீங்க காசு குடுத்து வாங்கியும் இருக்கிறீங்க, "பம்ப் பழகினா விடேலாது, இருதயம் பலவீனமாகும்" எண்டு பெரியம்மா சொன்னதால அலுமாரிக்குள்ள வைச்சுட்டு சிரப் குடுக்கிறீங்க. கணக்கை பாருங்கோ. சல்பியூட்டமோல் சிரப் 5 மில்லியில 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒரு தரம் அமத்தினா 100 மைக்ரோகிராம். அப்ப 5 மில்லி சிரப் எண்டது இன்ஹேலரை 20 தரம் அமத்தின அளவு. சிரப் வயித்துக்கு போய், ரத்தத்தில கலந்து, உடம்பெல்லாம் சுத்தி, கையை நடுங்க வைச்சு, நெஞ்சை படபடக்க வைச்சு, கடைசியா கொஞ்சம் சுவாசப்பைக்கு போகுது. இன்ஹேலர் நேரா அங்க போகுது. இருதயத்துக்கு பயந்து நீங்க கூடின மருந்தைத்தான் குடுத்திருக்கிறீங்க. பழகிப்போறது எண்டு ஒண்டு இல்லை, முட்டு இருக்கிற வரைக்கும் தேவை, முட்டு விட்டா தேவையில்லை. மொண்டிசோரி வயசில தடிமனோட மட்டும் இழுக்கிற பிள்ளைகள்ல நிறையப் பேருக்கு 6 வயசளவில அது தானா நிண்டிடும்.

குடுக்கிற விதமும் முக்கியம். குலுக்கி, ஸ்பேசர்ல பொருத்தி, மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடுற மாதிரி இடைவெளி இல்லாம வைச்சு, ஒரு தரம் அமத்தி, அஞ்சு ஆறு மூச்சு எடுக்க விட்டு, பிறகுதான் அடுத்தது. ஸ்பேசரை கிழமைக்கு ஒருக்கா சவர்க்காரத் தண்ணியில கழுவி துடைக்காம காய விடுங்கோ. சொன்ன அளவு போட்டும் பிள்ளை நாலு சொல்லு சேர்த்து கதைக்கேலாம இழுத்தா, இல்லாட்டி மருந்து நாலு மணித்தியாலம் கூட தாங்காட்டி, வீட்டில வைச்சிருக்க வேண்டாம்.

இதில உங்கட வீட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கு. நுளம்புக்கு பயந்து ராத்திரி கொயில் கொழுத்துறீங்க, வெள்ளிக்கிழமைகள்ல சாம்பிராணி, அந்தப் புகையில முட்டு கூடுது. டெங்கு நுளம்பு கூடுதலா கடிக்கிறது விடியவும் பின்னேரமும், அதால ராத்திரி கொயில்ல பெரிசா பிரயோசனமும் இல்லை. பகல் நித்திரைக்கு நெட், மொண்டிசோரிக்கு போகேக்க கை கால் மூடின உடுப்பு, பிள்ளைகளுக்கு பூசக்கூடிய ரிப்பெலன்ட், இது போதும். பிளாட்டில இருக்கிறம் எங்க தண்ணி தேங்குது எண்டு கேட்டிருக்கிறீங்க. பிரிட்ஜுக்கு பின்னால இருக்கிற தட்டு, ஏசி தண்ணி விழுற வாளி, சாமியறை பூச்சாடி, பல்கனியில பூச்சட்டிக்கு கீழ இருக்கிற தட்டு. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் காணும், அதால கிழமைக்கு ஒருக்கா எல்லாத்தையும் ஊத்தி தேய்ச்சு கழுவுங்கோ, சும்மா ஊத்தினா விளிம்பில ஒட்டின முட்டை அப்படியே இருக்கும். பக்கத்தில கட்டிக்கொண்டு இருக்கிற பில்டிங்ல தண்ணி நிக்குது எண்டா எம்ஓஎச் ஒஃபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம்) பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதார பரிசோதகர்) முறைப்பாடு குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, டெங்கு அறிவிக்க வேண்டிய நோய், உங்கட மகன்ட கேஸுக்கே அவர் வீடு பாக்க வரோணும்.

பிரைவேட்டா கவர்மெண்டா

எச்டியூவில இருக்கேக்க குடும்பத்தில எல்லாரும் போன்ல பிரைவேட்டுக்கு மாத்தச் சொல்லி நெருக்கினவை, நீங்க கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நிண்டனீங்க. நூறு வீதம் சரியான முடிவு. சொந்தப் பொறுப்பில கையெழுத்து வைச்சு கூட்டிக்கொண்டு போற உரிமை தாய் தகப்பனுக்கு இருக்கு, ஆனா கசிவு நடக்கிற நேரத்தில பிள்ளையை வாகனத்தில ஏத்தினா அந்த இடைவெளியில சலம் அளக்க, பிரசர் பாக்க ஆளில்லை. மாத்தத்தான் வேணும் எண்டா அங்க பாக்கிற டொக்டரும் எடுக்கப்போற டொக்டரும் கதைச்சு, அம்புலன்ஸ்ல, ஆளோட.

சாதாரண காய்ச்சல் தடிமனுக்கு உங்களை தெரிஞ்ச ஒரே குடும்ப டொக்டரிட்ட போறது நல்லது, ஒவ்வொரு முறையும் வேற வேற ஸ்பெஷலிஸ்ட்டை சனல் பண்ணி நாலு நாள் காத்திருக்கிறதை விட. ஆபத்து அறிகுறி கண்டா சனல் வேண்டாம், நேரா பிள்ளைகள் வார்டும் எச்டியூவும் இருக்கிற இடம். வெள்ளவத்தைக்கு களுபோவில கிட்ட, பொரளையில லேடி ரிஜ்வே பிள்ளைகளுக்கெண்டே இருக்கிற ஆஸ்பத்திரி, ரெண்டும் இலவசம். பிரைவேட் எண்டா எதுக்குள்ள போனாலும் ராத்திரியில பிள்ளைகள் டொக்டர் உள்ளுக்கு இருக்கிறாரா, எச்டியூ இருக்கா எண்டு கேட்டு வையுங்கோ, சுகமா இருக்கிற நாள்லயே. வாகனம் இல்லாட்டி, பிள்ளை சோர்ந்திருந்தா, 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வார்டில சிங்களத்தில சொன்னது விளங்காம தலையை ஆட்டினதா எழுதியிருக்கிறீங்க. தமிழும் இந்த நாட்டில அரச கரும மொழி, "தமிழில விளங்கப்படுத்த ஒருத்தரை கூப்பிடுங்கோ" எண்டு தயங்காம கேளுங்கோ. டயக்னோசிஸ் கார்ட்டையும் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைல்ல போட்டு வையுங்கோ, அடுத்த காய்ச்சலுக்கு அதையும் கொண்டு போகோணும், ஏனெண்டா டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு, ஒருக்கா வந்தவருக்கு இன்னொரு வகை வரலாம், ரெண்டாவது தரம் கடுமையா வாற சாத்தியமும் கூட.

மொண்டிசோரியை நிப்பாட்ட வேண்டாம், காய்ச்சல் இருக்கிற நாளும் விட்ட அடுத்த ரெண்டு நாளும் மட்டும் வீட்டில வையுங்கோ. டீச்சரிட்ட இன்ஹேலர் விசயத்தை சொல்லி வையுங்கோ.

கடைசியா உங்கட கேள்வியில இல்லாத ஒண்டு. மகளுக்கு 9 மாசத்தில போட வேண்டிய எம்எம்ஆர் ஊசியை (சின்னமுத்தையும் தடுக்கிற ஊசி) "மூக்கு ஒழுகுது" எண்டு ரெண்டு தரம் தள்ளிப் போட்டதா போகிற போக்கில எழுதியிருக்கிறீங்க. சாதாரண தடிமனுக்கு ஊசியை தள்ளத் தேவையில்லை, கடுங்காய்ச்சல் எண்டா மட்டும்தான் சில நாள் தள்ளுறது. இலங்கையில சின்னமுத்து ஒழிஞ்சுது எண்டு 2019ல அறிவிச்ச பிறகும் 2023ல திரும்ப பரவினது, கொழும்பிலயும்தான். நாளைக்கே மிட்வைஃப் மிஸ்ஸுக்கு போன் எடுத்து அடுத்த கிளினிக் எப்பவெண்டு கேளுங்கோ. மகளை கொண்டு போகேக்க மகன்ட கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கோ, அவருக்கு 3 வயசில போடவேண்டிய ரெண்டாவது எம்எம்ஆர் போட்டாச்சா இல்லையா எண்டு கடிதத்தில நீங்க எழுதேல்ல.